ஏழைப் பிள்ளைகளின் பல்லும் பொதுப் பணமும்

(நமது மகாசபையின் கல்விக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் எப்பொருள் பற்றிப் பேசப் போகின்றீர்கள் என்று காரியதரிசியவர்கள் எம்மை வினவியபோது, பிள்ளைகளின் பல்லைப் பற்றிப் பேசுவோம் என்றோம். அவர்கள் புன்னகை புரிந்தார்கள். தமிழாசிரியருக்குச் சொல்லைப் பற்றிப் பேச உரிமையுண்டு, பல்லைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று அவர்கள் கருதியிருத்தல் கூடும். உரிமை உண்டு. எழுத்துக்கள் பிறத்தற்குரிய இடங்களாகத் தொல்காப்பியனார் பிறப்பியலிற் கூறிய எட்டனுள் பல்லும் ஒன்று. நாவின் நுனி மேற்பல்லின் அடியைச் சென்று பொருந்தினாலன்றித் தகரமும் நகரமும் பிறவா. மேற்பல் கீழிதழோடு கூடினாலன்றி வகரம் பிறவாது. முன்பல் சொத்தையாகிக் கரைந்துபோன ஐந்து வயதுக் குழந்தையைத் 'தவளை' என்று சொல்லச் சொன்னால் அது படும் பாட்டைக் கீழ்வகுப்பு உபாத்தியாயர்கள் நன்கறிவார்கள். ஆதலால் எமது தொழிலின் எல்லையை யாம் கடந்துவிட்டதாக எவரும் வருந்த வேண்டுவதில்லை.

பல்வலியை நம்மவர் ஒரு நோயாகவே கருதுவதில்லை. காய்ச்சல் வந்தால் பள்ளிக்கு விடுமுறைக் கடிதம் வருகிறது. பல்வலி வந்தால் பிள்ளையே வருகிறது. வந்து கடைசிப் பலகையில் கன்னத்திற் கையூன்றி உட்கார்ந்திருக்கிறது. இரவு முழுதும் உறங்காத பிள்ளைக்கு வாய்பாடும் செய்யுளும் எங்ஙனம் ஏறும்? மந்தபுத்தி என்று நாம் குறித்துவைக்கும் பிள்ளைகளுட் சிலர்க்கு மந்தமாயிருப்பது புத்தியன்று. கடைவாயில் ஒரு பல் அழுகியிருக்கிறது, அவ்வளவே. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் வாய்நோயுற்றோர் ஏறத்தாழ 350 கோடிப் பேர். பால்பல்லிற் சொத்தையுடைய குழந்தைகள் மட்டும் 51 கோடிக்கு மேல்.

"பால்பல்தானே ஐயா, தானாக விழுந்துவிடும்" என்று தாய்மார் எம்மிடம் கூறுவதுண்டு. விழும் என்பது மெய்தான். ஆனால் எப்பொழுது? கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதளவும் இருந்து மெல்ல வேண்டியவை. பின்னர் வரும் நிலைப்பற்களுக்கு இடத்தைக் காத்துக் கொடுக்க வேண்டியவை. அன்றியும், தாய்மார் பெரும்பாலோர் அறியாத செய்தியொன்றுண்டு. ஏறக்குறைய ஆறாம் வயதில், பால்பற்களுக்கெல்லாம் பின்னே, ஒரு பல்லும் விழாமலே, பெரியதொரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. அது நிலைப்பல். முன்னே ஒரு பல் விழவில்லையாதலால் அதனையும் பால்பல்லென்றே பெற்றோர் எண்ணிவிடுகின்றனர். அது சொத்தையானால் விழுந்துவிடும் என்று காத்திருக்கின்றனர். அது போனால் வேறொன்று முளையாது. அறுபது எழுபது ஆண்டுகள் மெல்ல வேண்டிய பல்லைப் பத்து வயதிற் பிடுங்கி எறிந்த பிள்ளைகள் எமது வகுப்பிலேயே உளர்.

சொத்தை வரும் வழி எளிது. இனிப்பு வாயிற் புகுந்தவுடன் அங்குள்ள கிருமிகள் அதனை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் மேலோட்டைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. எவ்வளவு தின்றோம் என்பதினும் எத்தனை தடவை தின்றோம் என்பதே பெரிது. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் கைவிட்டமையால் கெட்டோம் என்று சொல்லும் பெரியோர் இச்சபையிலும் இருக்கின்றனர். அவர்களை வணங்கி ஒன்று சொல்லுவோம்: நம் முன்னோர் குச்சியால் துலக்கினார்கள் என்பது உண்மை, நாளைக்கு ஐந்து தடவை பிஸ்கோத்தும் மிட்டாயும் தின்னவில்லை என்பதும் உண்மை. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் மீட்டுக்கொண்டு பயனில்லை. புளோரைடு கலந்த பற்பசையால் நாளைக்கு இருமுறை துலக்குதல் இன்று அறிந்த நல்வழி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே அப்புளோரைடு மிகுந்து பல் கறைபடுவது வேறொரு கதை. அதனை இங்கே விரிக்கவில்லை.

இனி, எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். இதற்கெல்லாம் பணம் கொடுப்பவர் யார்?

பிள்ளையைப் பெற்றவரே கொடுக்கட்டும் என்பர் சிலர். நாட்கூலி பெறும் தாயொருத்தி பிள்ளையின் பல்லை அடைக்க வேண்டுமானால் அன்றைக் கூலியை இழக்க வேண்டும். பேருந்துச் செலவு செய்து நகரத்துக்குப் போக வேண்டும். வைத்தியர் கேட்கும் தொகையைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் மறுமுறையும் போக வேண்டும். வலி வரும்வரை போகாமலிருப்பது அவள் குற்றமாகாது. வலி வந்தபின்போ பல்லை அடைக்கும் காலம் பெரும்பாலும் கடந்துவிடுகிறது. அம்மைப்பாலும் போலியோச் சொட்டு மருந்தும் பொதுப் பணத்தாற் கொடுத்தோம். 1982ஆம் ஆண்டு முதல் சத்துணவுத் திட்டத்தால் மதிய உணவு கொடுக்கிறோம். 2022ஆம் ஆண்டு முதல் தொடக்கப் பள்ளிகளிற் காலையுணவும் கொடுக்கிறோம். உணவுக்குப் பொதுப் பணம் தகும் என்று ஒப்பிய நாட்டில், அவ்வுணவை மெல்லும் பல்லுக்குத் தகாது என்று வாதிப்பது எங்ஙனம் என்பது எமக்கு விளங்கவில்லை.

ஆகவே பொதுப் பணம் வேண்டுமா என்பதில் எமக்கு ஐயமில்லை. யாம் இன்று வற்புறுத்த வந்தது வேறு. பணம் ஒதுக்குதல் ஒன்று. அப்பணம் பிள்ளையின் வாயைச் சென்றடைதல் மற்றொன்று. முதலாவது நடந்தால் இரண்டாவது தானே நடக்கும் என்று எண்ணிய நாடொன்றின் வரலாற்றை முதலிற் கேளுங்கள்.

செல்வத்திற் சிறந்த அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஏழைகளின் வைத்தியச் செலவைச் சர்க்கார் ஏற்கும் 'மெடிக்கெய்ட்' என்னும் திட்டம் 1965ஆம் ஆண்டில் ஏற்பட்டது. சிறார்க்குரிய பல் வைத்தியமும் அதனுள் அடங்கும். இருந்தும் 2007ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், தலைநகராகிய வாஷிங்டனை அடுத்த மேரிலாந்து மாகாணத்தைச் சேர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் சொத்தைப் பல்லால் இறந்தான். பல்லின் அடியிற் கட்டிய சீழிலிருந்து கிருமிகள் மூளையைச் சென்று பற்றின. தலையில் இருமுறை ரண சிகிச்சை செய்தார்கள். ஆறு வாரத்திற்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தான். செலவு இரண்டரை லட்சம் டாலர் வரை ஆயிற்றென்று அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. அந்தப் பல்லைப் பிடுங்கியிருந்தால் ஆகக்கூடிய செலவு 80 டாலர்.

அவன் தாய் அசட்டையாயிருந்தவள் அல்லள். அவனுடைய தம்பியின் பற்கள் அவனுடையவற்றினும் கெட்டிருந்தமையால் அத்தம்பிக்கு வைத்தியர் தேடி அலைந்துகொண்டிருந்தாள். அம்மாகாணத்தில் ஏறத்தாழ 5,500 பல் வைத்தியர் இருந்தார்கள். மெடிக்கெய்ட் பிள்ளைகளை ஏற்றவர் 900 பேர் அளவிலேதான் என்றும் அப்பத்திரிகைகள் குறித்தன. சர்க்கார் கொடுக்கும் கட்டணம் குறைவு, எழுத்து வேலை மிகுதி என்பது ஏனையோர் கூறிய காரணம். நிலையான வீடில்லாத அக்குடும்பத்தின் பெயரும் இடையில் திட்டத்தினின்று நழுவிப் போயிருந்தது. சட்டத்தில் உரிமை இருந்தது. பொக்கிஷத்திற் பணம் இருந்தது. நகரத்தில் வைத்தியர் இருந்தார்கள். மூன்றையும் அப்பிள்ளையின் வாயோடு சேர்ப்பார் ஒருவர் மட்டும் இல்லை. அச்சாவிற்குப் பின்னர் மேரிலாந்தில் கட்டணத்தை உயர்த்தினார்கள். 2009ஆம் ஆண்டில், மெடிக்கெய்ட்டிற் சேராத எளிய குடும்பத்துச் சிறார்க்குரிய வைத்திய உதவித் திட்டத்திலும் பல் வைத்தியம் கட்டாயம் இருத்தல் வேண்டுமென்று நாடு முழுதுக்கும் சட்டம் செய்தார்கள்.

மற்றொரு நாடு நியூஜீலந்து. முதல் உலக யுத்தத்தில் சேனைக்குச் சேர வந்த இளைஞர்களின் வாயைத் திறந்து பார்த்தபோது அந்நாட்டார் திடுக்கிட்டனர். பல் கெட்டுப்போனமையாலேயே பலர் தகுதியற்றவர் ஆயினர். படையின் பல் வைத்தியப் பிரிவுக்குத் தலைவராயிருந்த தாமஸ் ஹண்டர் என்பவர், யுத்தம் முடிந்தபின் சர்க்காருக்கு ஒரு யோசனை சொன்னார். வைத்தியர்கள் பள்ளிகளுக்கு வரமாட்டார்கள். வருவதற்குப் போதிய தொகையினரும் இல்லை. ஆகவே இளம் பெண்களைத் தெரிந்தெடுத்து இரண்டாண்டு பயிற்றி, சிறுபிள்ளைகளின் பல்லைச் சோதித்தல், அடைத்தல், பிடுங்குதல் ஆகிய இவ்வளவு தொழிலை மட்டும் கற்பித்து, பள்ளியிலேயே அமர்த்துவோம் என்றார். பல் வைத்தியருட் பலர் இதனை எதிர்த்தனர். சர்க்கார் அஞ்சவில்லை. 1921ஆம் ஆண்டில் வெலிங்டன் நகரத்திற் பயிற்சி தொடங்கியது. உலகில் இத்தகைய தொழிலினர் தோன்றியது அப்பொழுதுதான்.

இதில் பணம் போன வழியை நோக்குங்கள். ஒரு பல்லுக்கு இவ்வளவு என்று சர்க்கார் கட்டணம் கொடுக்கவில்லை. மாதந்தோறும் தாதிக்குச் சம்பளம் கொடுத்தது. பல் கெட்டால்தான் வருமானம் என்னும் நிலை அவளுக்கு இல்லை. பள்ளிக்கூடத்து வளைவில் ஒரு சிறு அறை, ஒரு நாற்காலி, காலால் மிதித்துச் சுழற்றும் துளைக்கருவி. இவையே முதற்காலத்துக் கருவிகள். கூடம் அமைப்பதற்கு ஊர்க்குழுக்களும் பணம் திரட்டின. ஆறு மாதத்திற்கொருமுறை ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பட்டியிற் பார்த்து, வகுப்பிலிருந்து அழைத்து, வாயைச் சோதித்தார்கள். தாய் கூலியை இழக்கவில்லை, பேருந்து ஏறவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குள் அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுட் பெரும்பாலோர் இப்பட்டியுள் வந்துவிட்டனர். இன்றும் அங்கே பதினெட்டு வயது நிறையும்வரை சாதாரணப் பல் வைத்தியம் இலவசம்.

குறைகளையும் மறைத்தல் தகாது. பிள்ளைகள் அந்த அறைக்குக் 'கொலைவீடு' என்று பெயரிட்டிருந்தார்கள். துளைக்கருவியின் ஓசையை மறவாத முதியோர் இன்றும் அந்நாட்டில் உளர். அடைக்க வேண்டாத பற்களையும் அடைத்துவிட்டார்கள் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. 1970களில் அடைத்தற்குரிய விதிகளைத் திருத்திக் குறைத்தார்கள். பெண்கள் என்பதனால் தாதியர்க்குச் சம்பளம் நெடுங்காலம் குறைவாகவே இருந்தது. 1974ஆம் ஆண்டில் அவர்கள் சட்டசபையை நோக்கி ஊர்வலம் போக நேர்ந்தது. பிள்ளைகளின் பல்லைக் காத்த பெருமையைச் சர்க்கார் கொண்டது. அதன் செலவில் ஒரு பகுதியைத் தாதியர் தம் குறைந்த சம்பளத்தால் தாங்கினர் என்றே யாம் கருதுகின்றோம்.

இம்முறை கடல் கடந்தது. நம்மவர் பலர் குடியேறி வாழும் பினாங்கில் 1949ஆம் ஆண்டில் பல் தாதியர் பயிற்சி தொடங்கிற்று. இலங்கையில் 1950களில், கொழும்புத் திட்டத்தின் வாயிலாக நியூஜீலந்தின் உதவி பெற்று, மகரகமையிற் பயிற்சிக்கூடம் அமைந்தது. அங்கே பயின்றோர் அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்றும் சிகிச்சை செய்து வருகின்றனர். பாக்கு நீரிணைக்கு அப்பால் எழுபது ஆண்டுகளாக நடப்பது இப்பால் வந்திலது.

அமெரிக்காவுக்கு அது சென்ற கதை சுவையுடையது. மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 1949ஆம் ஆண்டில் இம்முறையைச் சோதித்துப் பார்க்கச் சட்டம் செய்தார்கள். பல் வைத்தியர் சங்கங்களின் எதிர்ப்பால் மறு ஆண்டே அதனை நீக்கிவிட்டார்கள். பனி சூழ்ந்த அலாஸ்காவில் வைத்தியர் எட்டிப்பாராத பழங்குடிக் கிராமங்கள் பல. அப்பழங்குடியார் 2003ஆம் ஆண்டில் தம்மவருள் சிலரை நியூஜீலந்தின் ஒட்டாகோ சர்வகலாசாலைக்கு அனுப்பிப் பயிற்றுவித்தனர். அவர்கள் திரும்பி வந்து தொழில் தொடங்கியபின், 2006ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2007ஆம் ஆண்டில் நீதிமன்றம் அப்பழங்குடியார் பக்கமே தீர்ப்புச் செய்தது. மேரிலாந்துச் சிறுவன் இறந்ததும் அதே ஆண்டில்தான். வைத்தியரை விரும்பாதவர்கள் அல்லோம் யாம். வைத்தியர் வாராத ஊருக்கு வேறொருவரும் போதலாகாது என்னும் வாதத்தை மட்டுமே விரும்பவில்லை.

நம் நாட்டில் நிலைமை என்ன? 2013ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் 'ராஷ்ட்ரீய பால சுவாஸ்த்ய காரியக்கிரமம்' என்னும் சிறார் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கிற்று. பிறந்தது முதல் பதினெட்டு வயது வரை முப்பது வகைக் குறைகளைக் கண்டறிவது அதன் நோக்கம். பற்சொத்தையும் அவற்றுள் அடங்கும். வைத்தியரும் தாதியும் மருந்தாளுநரும் அடங்கிய நடமாடும் குழு ஆண்டுக்கொருமுறை அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும், இருமுறை அங்கன்வாடிகளுக்கும் வருதல் வேண்டுமென்பது விதி. நல்ல விதி. குழு வருகிறது, வாயைத் திறக்கச் சொல்லுகிறது, சொத்தையென்று எழுதுகிறது, மேற்சிகிச்சைக்கு ஒரு சீட்டுக் கொடுக்கிறது. அச்சீட்டைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகிறது. அதன்பின் மேரிலாந்துக் கதை தொடங்குகிறது. ஆஸ்பத்திரி உண்டு, சில ஆரம்பச் சுகாதார நிலையங்களிலேயே பல் சிகிச்சைப் பிரிவும் உண்டு, சிகிச்சை இலவசம். ஆனால் வேலை நாளில் காலைப் பொழுதிற் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்பவர் யார்? அடுத்த ஆண்டு குழு மீண்டும் வருகிறது. அதே பிள்ளையின் அதே பல்லைப் பார்த்து மீண்டும் சீட்டு எழுதுகிறது. பல் இருந்தால்.

நியூஜீலந்தில் 1921இல் வைத்தியர் பற்றாக்குறை. நமக்கு அக்குறை இல்லை. இந்நாட்டிலுள்ள பல் வைத்தியக் கல்லூரிகள் முந்நூறுக்கு மேல்; பட்டம் பெற்றுத் தக்க வேலையின்றி இருக்கும் இளைஞரும் பெண்களும் நம் குடும்பங்களிலேயே உளர். அவர்களை மாதச் சம்பளத்தில் அமர்த்தி, பத்துப் பதினைந்து பள்ளிகளுக்கு ஒருவரென வகுத்து, சோதித்த இடத்திலேயே சிகிச்சையும் செய்யுமாறு விதித்தால் போதும். புதிய தொழிலினரை உண்டாக்க வேண்டுவதில்லை. கருவியும் முன்போல் அச்சந்தருவதன்று. வெள்ளியும் புளோரைடும் கலந்த நீர்மருந்தொன்றை ஜப்பானியர் நெடுங்காலமாக வழங்கி வருகின்றனர். உலகச் சுகாதார ஸ்தாபனமும் 2021ஆம் ஆண்டில் அதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியிற் சேர்த்தது. துளையிடாமல், ஊசி குத்தாமல், சிறு தூரிகையால் சொத்தையின்மேற் பூசினால் பெரும்பாலும் சொத்தை பரவாமல் நின்றுவிடுகிறது. பூசிய இடம் கறுத்துப்போகும் என்பது ஒன்றே குறை. பெண் குழந்தையின் முன்பல் கறுத்தால் என் செய்வது என்று தாய்மார் தயங்குவர். ஆதலால் முன்னரே சொல்லி அவர்கள் சம்மதம் பெற்றே பூச வேண்டும். கடைவாய்ப் பால்பல்லுக்கு அத்தயக்கமும் தேவையில்லை.

ஆண்டுதோறும் நம் சபை நடத்தும் இலவசப் பல் முகாமே போதாதா என்று அன்பர் ஒருவர் கேட்டார். முகாமை யாம் பழிக்கவில்லை. ஒரு நாள் பந்தலில் இருநூறு பிள்ளைகளைப் பார்க்கின்றனர், தூரிகையும் பற்பசையும் கொடுக்கின்றனர், புகைப்படம் எடுக்கின்றனர். மறுநாள் பந்தல் பிரிக்கப்படுகிறது. சொத்தை இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆறு மாதத்திற்கொருமுறை திரும்பி வருதலே இந்நோய்க்கு மருந்து. திரும்பி வருதல் தர்மத்தால் நடவாது, சம்பளத்தால் நடக்கும். வேறோர் அன்பர், நம் குலத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு பல் நிதி திரட்டலாமென்றார். அவர் அன்பு பெரிது. ஆயினும் ஒரே பலகையில் உட்காரும் இரு பிள்ளைகளுள் ஒன்றன் வாயை மட்டும் பார்த்துவிட்டுப் போக எம் மனம் ஒருப்படவில்லை. கேட்பதானால் பள்ளியிலுள்ள பிள்ளைகள் அனைவர்க்கும் சர்க்காரிடம் கேட்போம். நியூஜீலந்தின் ஊர்க்குழுக்களைப்போல, அறையும் நாற்காலியும் மின்விளக்கும் அமைத்துக் கொடுக்கும் பொறுப்பை வேண்டுமானால் நம் சபை ஏற்கட்டும்.

இதற்கென ஒரு விண்ணப்பம் எழுதிவைத்திருக்கிறோம். காரியதரிசியவர்கள் கூட்ட முடிவில் வாசிப்பார்கள். பள்ளிக்குச் செல்லும் குழுவோடு பல் வைத்தியர் ஒருவரைச் சேர்த்தல், சீட்டுக் கொடுத்த பிள்ளைகளுள் சிகிச்சை பெற்றவர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் பள்ளிவாரியாக வெளியிடுதல், ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லைப் பற்றி முதல் வகுப்பிற் சேரும்போதே பெற்றோர்க்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்தல் என்பன அதிற் கேட்கப்பட்டுள்ளன. கேட்பதற்கு ஆதாரம் வேண்டும். கிளைச் சபையினர் தத்தம் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியரைக் கண்டு, குழு கடைசியாக வந்த தேதி, பல்லுக்காகச் சீட்டுப் பெற்ற பிள்ளைகளின் தொகை, அவர்களுள் ஆஸ்பத்திரிக்குச் சென்று வந்தவர்களின் தொகை ஆகிய மூன்றையும், பிள்ளைகளின் பெயரைக் குறியாமல் ஓர் அஞ்சலட்டையில் எழுதி, பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்திற்குள் காரியதரிசியவர்களுக்கு அனுப்புவார்களாக. அப்பட்டியையும் விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பிவிடலாம்.